எங்கள் கணினியில் மட்டும் தெரிந்த கதை

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் கிடக்கிறது. நாலாக மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுத்தாள் போட்டு ஒட்டியது. தாள் முழுக்க ஆங்கில எழுத்துகள். ஆனால் ஆங்கிலம் இல்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று முதல் சொல் தொடங்கும். அதன் பிறகு வரிசையாக அதே மாதிரிக் குப்பை, நடுநடுவே அரைப்புள்ளிகள். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பிரின்டர் மக்கர் பண்ணுதா?" என்று கேட்பார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. எனக்கு அது சுத்தமான தமிழ். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றால் அம்மா. பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்த எழுத்துமுறையில் தட்டச்சு செய்த விரல்களுக்கு அதைப் படிக்கக் கண்கூட அவ்வளவாக வேண்டாம்.

அந்தத் தாளில் இருப்பதை எழுதியவர் கண்டக்டர் அண்ணாச்சி. பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள்; அவரை நான் ஒரு நாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை, எனக்கு அவர் அண்ணாச்சிதான். திருநெல்வேலியிலிருந்து மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலைக்கும் அதற்கு மேலே ஊத்துக்கும் ஏறும் பேருந்தில் பல வருஷம் கண்டக்டராக இருந்தவர். மலைப்பாதையில் வண்டி ஆடுகிற ஆட்டத்தில் பேனா ஓடாது என்று பென்சிலால் எழுதுவார். டிக்கெட் கணக்கு எழுதுகிற வேபில்லின் பின்பக்கம், டிக்கெட் கட்டின் அட்டை, எது கையில் கிடைக்கிறதோ அது. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு, தன் ஓய்வு நாளில் ஜங்ஷன் பக்கம் நான் வேலை பார்த்த டி.டி.பி. கடைக்கு வருவார். வந்தால் நாற்காலியில் உட்காரமாட்டார். நாள் முழுக்க நின்றே பழகியவர் என்பதால், பேசிக்கொண்டே கம்பியைத் தேடுகிற மாதிரி ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு நிற்பார்.

நான் மேலப்பாளையம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று வாப்பா அந்தக் கடையில் சேர்த்துவிட்டார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு, கோயில் கொடைவிழா நோட்டீஸ் எல்லாம் என் விரல் வழியாகத்தான் போயின. நெல்லையில் யார் வீட்டில் நல்லது, யார் வீட்டில் கெட்டது என்று ஊருக்கு முந்தி எனக்குத் தெரியும். அதனால் எனக்கு அப்போது கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கணினியைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு. இந்தக் கதையில் வருகிற கேடு முழுக்க அந்த நினைப்பிலிருந்து வந்ததுதான்.

அண்ணாச்சி எழுதியவை மொத்தமே பதினைந்து, பதினாறு கதைகள் இருக்கும். ஒரு வார இதழில் அவ்வப்போது வந்தவை, புனைபெயரில். அந்தப் பெயரின் நடுவில் ஒரு ழகரம் உண்டு. பணிமனையில் யாருக்கும் அவர் எழுதுவது தெரியாது, வீட்டில் அவர் மனைவி, மதினிக்கு அரைகுறையாகத் தெரியும். "எழுதுதவன் யாருன்னு தெரிஞ்சா, மறுநாள் பஸ்ல எவனும் வாயத் தொறக்க மாட்டாம்மா. அப்புறம் நான் எதை எழுத?" என்பார். நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. கூச்சம். தன் பெயரை அச்சில் பார்க்க ஆசைப்படுகிறோம் என்பதே அவருக்கு ஒரு தப்புக் காரியம் மாதிரி இருந்தது.

ஒரு நாள் வந்து, வழக்கம்போல் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, "எம்மா, இந்த நெட்டுல கதையைப் போட்டா உலகத்துல எங்கன இருக்கவங்களும் பாக்கலாமாமே, நெசமா?" என்று கேட்டார். நெசம்தான் என்றேன். "திருப்பூர்ல இருக்கவங்க?" என்றார். உலகத்தில் எங்கேயும் என்று சொன்ன பிறகு திருப்பூர் எதற்கு என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அப்புறம் ஒரு அக்காவைப் பற்றிச் சொன்னார்.

அவர் எழுதியதில் "பதினோராம் வளைவு" என்று ஒரு கதை. மலையிலிருந்து இறங்குகிற பேருந்தில் ஒரு தாய், காய்ச்சலில் கண் திறக்காத மகனை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். மழை. பதினோராவது கொண்டை ஊசி வளைவில் மரம் விழுந்து பாதையை மறிக்கிறது. பயணிகள் எல்லோரும் இறங்கி, ஆளுக்கொரு கொப்பாக வெட்டி, மரத்தை இழுத்துத் தள்ளுகிறார்கள். வண்டி நகர்கிறது. தாய் பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்க்கிறாள். அதோடு கதை முடிந்துவிடும். அது இதழில் வந்த வாரத்தில், மேலே தேயிலை எஸ்டேட் பிள்ளைகள் காப்பகத்தில் ஆயா வேலை பார்த்த ஒரு அக்கா, ஊத்தில் பஸ் ஏறினாள். கையில் அந்த இதழ். டிக்கெட் கொடுக்கப் போன அண்ணாச்சியிடம் பக்கத்தை விரித்துக் காட்டினாள்.

"அண்ணாச்சி, இதைப் படிச்சியளா? நம்ம வண்டி மாரியே எழுதிருக்காவ. எழுதுனவங்க யாரு என்னன்னு தெரியல. எங்கனயாவது கண்டா ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தப் பிள்ள பொழச்சிட்டானான்னு கேக்கணும். என் மவன் பொழைக்கல அண்ணாச்சி. இப்படித்தான், மழையில, ஆஸ்பத்திரி போய்ச் சேருததுக்கு முந்தி. இந்தப் பிள்ளையாவது பொழச்சிருக்கணும்லா."

அவள் அழுதாளாம். இவர் என்ன சொன்னார்? "உக்காருங்கம்மா, வளைவு வருது" என்று சொல்லிவிட்டு, அடுத்த இருக்கைக்கு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார்.

"சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி, நான்தான்னு?" என்று நான் கேட்டேன். "சொன்னா அடுத்தாப்ல அதைத்தானம்மா கேப்பா? என் மனசுல அந்தப் பிள்ள செத்துப்போச்சு. அதை எழுதத் தைரியம் இல்லாமத்தான் அங்கனயே விட்டேன். பெத்து, பறிகொடுத்தவ மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்ல?" என்றார். அடுத்த மாதமே அவரை வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மனசு கேட்காமல் ஒரு ஓய்வு நாளில் பயணியாக டிக்கெட் எடுத்துக்கொண்டு ஊத்துக்குப் போயிருக்கிறார். அந்த அக்கா, புருஷனோடும் மகளோடும் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டாள் என்று சொன்னார்களாம். திருப்பூரில் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பெயரைக்கூட இவர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்த இதழும் பிறகு நின்றுபோனது.

அந்தக் கதையின் தொடர்ச்சியை எழுதி முடிக்க அவருக்கு நாலு வருஷம் ஆனது. அதைத்தான் அன்றைக்குப் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்திருந்தார். ஒன்றரைப் பக்கம். நாலு வருஷத்துக்கு ஒன்றரைப் பக்கம் என்று கேலி செய்யத் தொடங்கிய நான், தட்டச்சு செய்து முடித்தபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். "அவ தேடுவாம்மா. இன்னைக்கு இல்லைன்னாலும் ஒரு நாளைக்கு அந்தப் பேரைப் போட்டுத் தேடுவா. தேடும்போது இது அங்கன இருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

நான் மும்முரமாக இறங்கினேன். யாரோ ஓசியில் இடம் கொடுக்கிற ஒரு தளத்தில் அவருக்கென்று ஒரு பக்கம் திறந்தேன். மேலே ஒரு படம்: மலைப்பாதை, மேகம், அவருடைய புனைபெயர், "பதினோராம் வளைவு" என்ற தலைப்பு, அதற்குக் கீழே "அடுத்து நடந்தது". கொட்டை எழுத்தில் நானே வரைந்தது. அதற்குக் கீழே முதலில் புதுக் கதை, அப்புறம் பழைய கதை. போட்டோ போடுவோம் அண்ணாச்சி என்றேன், வேண்டாம் என்றார். சொந்தப் பெயர்? வேண்டாம். வீட்டு முகவரி? "மதினி வெரட்டுவா." மின்னஞ்சல் என்று ஒன்று அவருக்குக் கிடையாது. கடைசியில் எங்கள் கடை முகவரியையும் கடைத் தொலைபேசி எண்ணையும் போட்டேன். அடியில், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண் பெட்டி ஒன்றை வைத்தேன். அப்போது எல்லாரும் வைப்பார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஓய்வு நாளும் வந்துவிடுவார். நான் பக்கத்தைத் திறந்து காட்டுவேன். அழகாகத் தெரியும். முதலில் எண் பெட்டியைத்தான் பார்ப்பார். போன வாரம் பதினெட்டு, இந்த வாரம் இருபத்திரண்டு. "நாலு பேரு பாத்துருக்காவம்மா" என்று மெதுவாகச் சொல்லிக்கொள்வார். கண்டக்டர் அல்லவா, எத்தனை தலை ஏறியது என்று எண்ணிப் பார்த்தே பழகியவர். பிறகு, "போன் எதுவும் வந்துச்சா? பொம்பளக் குரல் ஏதும்?" என்று கேட்பார். வரவில்லை என்பேன். "பைய வரட்டும். திருப்பூர்ல ஷிப்டு முடிஞ்சு வாரதுக்கே நேரமாயிரும்" என்று அவராகவே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு கிளம்புவார்.

ஒரு வருஷம் இப்படி ஓடியது. அப்போது கடைக்குப் புதிதாக ஒரு கணினி வாங்கினோம். பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, இணையத்தை இணைத்து, வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக அண்ணாச்சியின் பக்கத்தைத் திறந்தேன். மேலே நான் வரைந்த படம் பளிச்சென்று இருந்தது. அதற்குக் கீழே எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.

அந்தக் காலத்து டி.டி.பி. கடைகளின் சங்கதி இது: கணினிக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் அடிப்பதெல்லாம் ஆங்கில எழுத்துதான். அதற்கு மேல் தமிழ் முகத்தைப் போட்டுக் காட்டுவது, கணினியில் நாங்கள் ஏற்றி வைத்திருக்கும் எழுத்துரு. அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் கதை தெரியும், இல்லாத கணினியில் குப்பைதான் தெரியும். பத்திரிகை அடித்து அச்சுக்கு அனுப்புகிற வரைக்கும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. நான் அதையே அப்படியே அள்ளி இணையத்தில் போட்டுவிட்டேன். ஒரு வருஷமாக அந்தக் கதை உலகத்திலேயே எங்கள் கடையில் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. தமிழில் அந்தப் பெயரைப் போட்டு யார் தேடினாலும் அந்தப் பக்கம் அகப்படாது. ஏனென்றால் அந்தப் பக்கத்தில் தமிழே இல்லை. எண் பெட்டியில் ஏறியதெல்லாம்? வாரா வாரம் அவரும் நானும் திறந்து திறந்து பார்த்தது. அவர் எண்ணிய தலைகள் எங்கள் தலைகள்தான்.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அண்ணாச்சி மத்தியானம் வருகிற நாள். மணி பதினொன்று. நான் அவசர அவசரமாக அந்தப் புதுக் கணினியில் எங்கள் எழுத்துருவை ஏற்றினேன். குப்பை மறைந்து கதை வந்தது. அவர் வந்து சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, "புதுப் பெட்டில இன்னும் தெளிவா இருக்கும்மா" என்றார். நான் தலையாட்டினேன். சொல்லியிருக்கலாம். அவர் திட்டியிருக்கமாட்டார் என்று தெரிந்தே சொல்லவில்லை. எனக்குத் தெரியாதது இல்லை என்ற அந்தத் தலைக்கனம் என் நாக்கைப் பிடித்துக்கொண்டது. நாளைக்குச் சரிசெய்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நினைத்தேன். அப்போது எந்தக் கணினியிலும் தெரிகிற புது முறைத் தமிழ் எழுத்து, யூனிகோடு, வந்துவிட்டது. மாற்றி அடிக்க இரண்டு மணி நேரம் போதும். ஆனால் தை பிறந்திருந்தது, முகூர்த்தப் பத்திரிகைகள் குவிந்தன. தை போய் மாசி வந்தது. எனக்கே கல்யாணம் நிச்சயமானது. கடையைப் பாளையங்கோட்டைக்கு மாற்றினார்கள், பழைய தொலைபேசி இணைப்பை ஒப்படைத்துவிட்டார்கள். ஓசியில் இடம் கொடுத்த தளமும் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் மூடப்பட்டது. நாளைக்கு என்று நான் ஒத்திப்போட்ட அந்த இரண்டு மணி நேரம் வரவே இல்லை.

அண்ணாச்சி ஓய்வுபெற்ற பிறகு வருவது குறைந்தது. கடைசியாக அவரைப் பார்த்தது பாளையங்கோட்டைக் கடையில். அதற்குள் முதலாளி கடையை என் கையில் விட்டிருந்தார். முட்டு வலி என்று அண்ணாச்சி கம்பு ஊன்றி வந்தார். பக்கத்தைத் திறக்கச் சொல்லிக் கேட்கவில்லை. எனக்கு உயிர் வந்தது. போகும்போது வாசலில் நின்று, "யாரும் கேக்கலியாம்மா?" என்றார். இல்லை என்றேன். "அவளுக்கு மறந்திருக்கும். நல்லதுதான். மறந்தாத்தான் இருக்க முடியும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் அந்தப் படிக்கட்டில் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கும் அந்தப் படியில் கால் வைக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.

சில வருஷம் கழித்து ஒரு காலை, நடுத்தர வயதில் ஒருவர் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி அடிக்க வந்தார். தாளில் எழுதிக் கொண்டுவந்ததைப் பார்த்துத் தட்டச்சு செய்தேன். இன்ஷியலோடு ஒரு பெயர், ஓய்வுபெற்ற நடத்துநர், வருந்தும் குடும்பத்தார். எனக்கு அது தெரிந்த பெயராக இல்லை. போட்டோவை வாங்கி ஸ்கேனரில் கவிழ்த்து வைத்து, திரையில் முகம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியபோது, நெற்றி வந்தது, புருவம் வந்தது, நான் எழுந்து நின்றுவிட்டேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவருடைய சொந்தப் பெயர் என்னவென்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தப் பக்கத்தை உருவாக்கியவளுக்கே அவரைத் தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியும்? "எழுத்தாளர்னு போடுவோம், புனைபெயரையும் போடுவோம்" என்றேன். "அப்பா என்னமோ கிறுக்குவாவ. அதெல்லாம் எதுக்கு, எடமும் இல்லையே" என்றார் மகன். நான் கேட்காமல் ஓரத்தில் சின்னதாகச் சேர்த்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டுக் காசை எடுத்துக் கொடுத்தார்.

அந்த வாரமே பழைய வட்டுகளைத் தோண்டி எடுத்து, இரண்டு கதைகளையும் புது எழுத்தில் மாற்றினேன். சரியாக இரண்டு மணி நேரம்தான் ஆனது. மதினியிடம் போய்க் கேட்டு, மற்ற கதைகளையும் வேபில் தாள்களிலிருந்து அடித்து ஏற்றினேன். சொந்தப் பெயர், புனைபெயர், முகம், ஊர், எந்தத் தடத்து வண்டியில் இருந்தார் என்பது, என் கைபேசி எண் எல்லாம் போட்டேன். "உசுரோட இருக்கும்போது வேண்டாம்னு சொன்னாவ. இப்ப போடுதியளாக்கும்" என்று மதினி சொன்னார். குத்திக்காட்டுகிறாரா, சும்மா சொல்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டாகவும் எடுத்துக்கொண்டேன்.

பிறகு, எஸ்டேட் மூடி, மாஞ்சோலையிலிருந்து தோட்டத் தொழிலாளர்கள் எல்லோரும் கீழே இறங்கிய வருஷம் வந்தது. ஒரு பிற்பகல், அறிமுகமில்லாத எண்ணிலிருந்து ஒரு பெண் பேசினாள். சின்ன வயதுக் குரல். அம்மாவோடு அம்பாசமுத்திரத்தில் மாமா வீட்டுக்கு வந்திருப்பதாகவும், மாமா குடும்பம் எஸ்டேட் வீட்டைக் காலி செய்து வந்திருப்பதாகவும், மாஞ்சோலை என்று போட்டுக் கைபேசியில் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா வெகுகாலமாகத் தேடிய பெயரில் ஒரு கதை வந்ததாகவும் சொன்னாள். பிறகு பின்னாலிருந்து இன்னொரு குரல் அவசரமாக வந்தது. "சார் இருக்காவளான்னு கேளு. மொதல்ல அதைக் கேளு."

இல்லை என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. அண்ணாச்சி போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

மறுநாள் இருவரும் கடைக்கு வந்தார்கள். அந்த அக்காவுக்கு இப்போது அறுபது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, கையில் ஒரு துணிப்பை. மகள்தான் பேசினாள். அம்மா அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லித் தேடச் சொல்வாராம். இதழுக்குக் கடிதம் போட்டு, அது திரும்பி வந்ததாம். தமிழில் தேடி ஒன்றும் கிடைக்காமல், பத்தாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு பிரௌசிங் சென்டரில், அந்த ழகரத்தை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் அடித்துப் பார்த்தாளாம். ஒன்றில் அகப்பட்டது. பக்கத்தின் தலைப்பை மட்டும் நான் ஆங்கிலத்தில் கொடுத்திருந்தேன். திறந்தால் மேலே படம்: பெயர், "பதினோராம் வளைவு", கீழே "அடுத்து நடந்தது". அதற்கும் கீழே குப்பை. வைரஸ் என்றாராம் கடைக்காரர். அதில் இருந்த தொலைபேசி எண்ணுக்கு அடித்தால் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. கீழே இருந்த எங்கள் முகவரியும் அதே குப்பையில்தான் இருந்தது. ஆனால் அம்மா விடவில்லை. "அடுத்து நடந்தது" என்பதற்குக் கீழே இருந்ததை மட்டும் அப்படியே ஒரு தாளில் அச்செடுக்கச் சொன்னாராம். பதில் அதற்குள்தான் இருக்கிறது, என்றைக்காவது படிக்கத் தெரிந்த ஒருவர் கிடைப்பார் என்று.

அக்கா துணிப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். திருப்பூரில் நாலு வீடு மாறியும் அதை விடவில்லையாம். நான் அதைப் பார்த்தேன். நான் செய்த பிழை, என் கையெழுத்துப்போல அப்பட்டமாக, எனக்கு முன்னால் கிடந்தது.

"நேத்து போன்லயே படிச்சிருப்பியளே அக்கா" என்றேன். மகள் இல்லை என்று தலையசைத்தாள். "அம்மா படிக்க விடல, தானும் பாக்கல. எழுதுனவங்க இல்லைன்னாலும், அவங்களத் தெரிஞ்சவங்க வாயால கேக்கணும்னு சொல்லிட்டாவ."

நான் திரையில் அண்ணாச்சியின் பக்கத்தைத் திறந்தேன். போட்டோ வந்ததும் அக்கா திரைக்குக் கிட்டே குனிந்தார். பிறகு, "இது நம்ம கண்டக்டர்லா" என்றார். "ஏ பிள்ள, இவுகதான் எழுதுனதா? இவுககிட்டயா நான் அன்னைக்கு..." என்று தொடங்கி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "உக்காருங்கம்மா, வளைவு வருதுன்னு சொன்னாவ" என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வாக்கியத்தை இரண்டு பேரும் ஒரே மாதிரி நினைவு வைத்திருந்திருக்கிறார்கள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்துருவைச் சொன்னேன், எண் பெட்டியைச் சொன்னேன், புதுக் கணினியில் தெரிந்தும் மறைத்ததைச் சொன்னேன். அண்ணாச்சியிடம் சொல்லாததை அவரிடம் சொன்னேன். அக்கா ஏசவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. "இதை உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். திரையில் நல்ல தமிழில் இருக்கிறதே, அதிலிருந்தே படிக்கிறேன் என்றேன். "இதுல இருந்து படிங்க. இதைத்தான நான் வச்சிருந்தேன்" என்றார்.

படித்தேன். எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அம்மா என்று தொடங்கியது. அந்தக் கதையில் பெரிதாக ஒன்றும் நடக்காது. பல வருஷம் கழித்து ஒரு காலை. அதே பேருந்து, அதே வளைவு, வெட்டிய மரத்தின் அடித்தூரில் புதிதாகத் துளிர் விட்டிருக்கிறது. ஒரு தாயும் மகனும் ஏறுகிறார்கள். தாய் வழக்கம்போல ஒரு முழு டிக்கெட்டும் ஒரு அரை டிக்கெட்டும் கேட்கிறாள். கண்டக்டர் கிழிக்கப் போகும்போது பையன் கையை நீட்டித் தடுக்கிறான். கடைசி வரியை நான் நிறுத்தி நிறுத்தித்தான் படிக்க முடிந்தது.

"அரை டிக்கெட்டு வேண்டாம் அண்ணாச்சி. எனக்குப் பன்னெண்டு முடிஞ்சிட்டு. முழு டிக்கெட்டு குடுங்க."

"பொழச்சிட்டான்" என்றார் அக்கா, மகளைப் பார்த்து. அப்புறம் என்னைப் பார்த்து, "இதை எழுதிட்டு எனக்காவ காத்துக்கிட்டா இருந்தாவ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வாரா வாரம் வந்து கேட்டதைச் சொன்னேன். "எனக்கு மறந்திருக்கும்னா நெனச்சிட்டுப் போனாவ?" என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஆமாம் என்று எப்படிச் சொல்வேன்? சொல்லாததையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

கிளம்பும்போது நல்ல தமிழில் அச்செடுத்துக் கொடுத்த தாள்களை மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார். பழைய தாள் மேசையிலேயே கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். "அது உங்ககிட்ட இருக்கட்டும்" என்றார். கோபமா, பரிவா, இரண்டும் சேர்ந்ததா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது கதை எழுதுகிறவர்கள், பாட்டுக் கட்டுகிறவர்கள், படம் வரைகிறவர்கள் என்று சிலர் என் கடைக்கு வருகிறார்கள். எனக்கு எதுக்கும்மா விளம்பரம், எழுத்து பேசட்டும் என்று அவர்களும் கூச்சப்படுவார்கள். நான் விடுவதில்லை. சொந்தப் பெயரைப் போடுங்கள், முகத்தைப் போடுங்கள், ஆள் எடுத்துப் பேசுகிற எண்ணைப் போடுங்கள், தமிழிலும் போடுங்கள், ஆங்கிலத்தில் வருகிற எல்லா எழுத்துக்கூட்டலிலும் போடுங்கள் என்று நச்சரிப்பேன். ஏற்றி முடித்ததும் என் கணினியில் பார்க்க விடமாட்டேன். தெருவில் போகிற யாரையாவது கூப்பிட்டு, அவர் கைபேசியில் தேடச் சொல்லிப் பார்ப்பேன். இது என்ன கூத்து என்று சிரிப்பார்கள். பேர் வாங்குவதற்காக இல்லை, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் என்று எங்கேயோ ஒருவர் இருக்கலாம், அவர் வந்து தட்டும்போது கதவு அங்கே இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

நேற்றும் பத்திரிகை அடிக்க வந்த ஒருவர் கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளைப் பார்த்துவிட்டு, "பிரின்டர் கெட்டுப்போச்சாம்மா?" என்று கேட்டார். பிரின்டர் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். பிறகு என்ன தோன்றியதோ, அவரை உட்காரவைத்து, அந்தத் தாளில் விரலை வைத்து அண்ணாச்சியின் கதையை முதலிலிருந்து படித்துக் காட்டினேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, எழுதியவர் யார் என்று கேட்டார். அண்ணாச்சியின் சொந்தப் பெயரைச் சொன்னேன், நேற்றுத்தான் முதல் தடவையாக அது என் வாயில் வந்தது.